பிளோறன்ஸ் அக்காவின் துளைத்தட்டு

"இண்டைக்கு எங்கட தோய்க்கிற நாள், அக்கா."

"தெரியும் பிள்ளை. உன்ரை உடுப்பு நாளைக்கு மட்டும் பொறுக்கும். இது பொறுக்காது."

"என்ன அது?"

"மணத்துப் பாத்துச் சொல்லு."

"ஊரிலை குடிக்கிற நெஸ்டமோல்ட்?"

"கிட்ட வந்திட்டாய். பியர்."

"ஆருக்கு?"

"எனக்கு."

"அண்ணைக்கு இல்லையோ?"

"அவருக்குச் சீனி வருத்தம். அவர் மணக்கலாம்."

துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி சலவை அறை வாசலில் நின்ற என்னோடு பிளோறன்ஸ் அக்கா முதன்முதலாகக் கொஞ்சம் நீளமாகப் பேசியது இவ்வளவுதான். அதற்கு முன் படிக்கட்டில் கண்டால் சிரிப்போம், அவ்வளவே. அன்று நான் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி மேலே போனேன். முறைநாளை ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று அம்மா ஏசினார். அம்மாவின் வயதுள்ள ஒரு தமிழ்ப் பெண் தன் இடுப்பளவு உயரமான ஒரு பானையைக் காட்டி "எனக்கு" என்று சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை.

டுசல்டோர்ஃபில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள். மேல் மாடியில் நாங்கள். தரை மாடியில் பிளோறன்ஸ் அக்காவும் அவருடைய கணவர் அருட்பிரகாசம் அண்ணையும். அவர்களின் மகள் லாரா டிரெஸ்டனில் படித்து அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். நிலத்துக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவான சலவை அறை. தரையில் தண்ணீர் ஓடும் குழி, சுவரில் தடித்த குழாய், கூரையில் நீளமான குழல்விளக்கு. பியர் காய்ச்சுவதற்கு இதைவிட நல்ல இடம் ஜேர்மனியிலேயே இல்லை என்பது அக்காவின் கருத்து. வீட்டுக்கு ஒரு நாள் என்று தோய்க்கும் முறை உண்டு. அவர் காய்ச்சினால் யாரோ ஒருவருடைய முறை தப்பும். சில வாரம் கழித்து எல்லா வீட்டு வாசலிலும் இரண்டிரண்டு போத்தல் நிற்கும். எங்கள் வாசலில் நிற்பதை அம்மா காணமுன் அப்பா உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

அம்மாவுக்கு அது பியர் இல்லை, கசிப்பு. ஊரில் களவாகக் காய்ச்சி விற்கும் சாராயத்தின் பெயர் அது. "கசிப்புக்காரி கீழ காய்ச்சத் தொடங்கியிட்டா, யன்னலைப் பூட்டு" என்பார். அம்மா மட்டுமில்லை, ஆவணி மாதம் கெவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகிற தமிழ்ச் சனமும் அப்படித்தான் பேசியது. அங்கே ஒருமுறை சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன பிளோறன்ஸ் அக்கா, கசிப்பு எப்பிடிப் போகுது?" என்று கேட்டாராம். "வாற கிழமை இறக்கிறன். வெறும் போத்தல் கொண்டு வாருங்கோ. போன முறை உங்கட மனுசன் கொண்டுபோன போத்தல் இன்னும் திரும்பி வரேல்லை" என்றாராம் அக்கா.

அவர் மன்னாருக்குப் பக்கத்தில் பேசாலையில் பிறந்தவர். இருபது வயது தாண்டியதும் தனியாக ஜேர்மனிக்கு வந்தார். அகதிகள் விடுதி, ஹோட்டல் அறை துப்புரவு, பிறகு நகரத்துக்கு வெளியே ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலை. அங்கேதான் அவருடைய வேலைக்காலம் முழுவதும் போனது. ஓர் அறையளவு பெரிய இயந்திரங்களுக்குள் இருந்து நனைந்த படுக்கை விரிப்புகளை இழுத்து வண்டியில் போடுவது வேலை. தன் பலத்தைப் பற்றி அவர் அடக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அங்க ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சு இழுக்கிறதை நான் ஒரு கையால இழுப்பன். மற்றக் கையால கோப்பி குடிப்பன்" என்பார்.

பியருக்குள் அவர் வந்ததும் அந்தத் தொழிற்சாலையால்தான். நத்தார் விருந்தில் ஒரு குலுக்கல். மற்றவர்களுக்குக் கோப்பி மெஷினும் போர்வையும் விழ, அக்காவுக்கு விழுந்தது வீட்டிலேயே பியர் செய்யும் பெட்டி. மாற்றிக்கொள்ள யாரும் வரவில்லை. பெட்டியை வீணாக்க மனமில்லாமல் ஒரு தரம் செய்து பார்த்தார். பிறகு இந்த நகரத்து மண்ணிறப் பியரைச் செய்து பார்க்க ஆசை வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை.

செய்முறையை எனக்கு அவர் சொன்னபடி சொல்கிறேன். முளைக்கவைத்துக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை உடைத்து, கொதிக்காத சுடுதண்ணீரில் ஊறவிட்டால் உள்ளே இருக்கும் மா மெல்ல இனிப்பாக மாறும். அந்த இனிப்பான சாற்றை வடித்து எடுத்து, ஹொப் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். சாற்றுக்கு ஜேர்மனில் தனிப்பெயர் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழில் அதற்கு ஒன்றும் கிடைக்காததால் சாறு என்றே எழுதுகிறேன்.

எல்லாக் கஷ்டமும் வடிப்பதில்தான். அக்கா மால்ட்டை ஒரு பெரிய துணிப்பைக்குள் போட்டு ஊறவைப்பார். ஊறி முடிந்ததும் பையை இரண்டு கையாலும் பானைக்கு மேலே தூக்கி, முறுக்கிப் பிழிவார். ஒருநாள் சைக்கிள் எடுக்கக் கீழே போனபோது அதைக் கண்டேன். ஆவி பறக்கும் அந்தப் பை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பாரம் இருக்கும். அதைத் தலைக்கு மேலே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ விரிப்பைப் பிழிவது போல அவர் முறுக்கினார். சாறு கொட்டும் சத்தம் நடைபாதை வரைக்கும் கேட்டது. நான் சைக்கிளை மறந்து நின்றேன்.

அவருடைய பியர் எப்போதும் கலங்கலாகவே இருந்தது. சுவை நன்றாக இருக்கும் என்று அப்பா சொல்வார். இரண்டாம் மாடியில் இருக்கும் ஹெர் வென்செல், கார் திருத்தும் இடத்தில் தகரவேலை செய்பவர், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிளோறன்ஸ், இது ரைன் ஆறு, வெள்ளம் வந்த நேரம்" என்பார். "உங்களுக்குக் குடிக்கவோ, கண்ணாடி போட்டுப் பாக்கவோ?" என்று இவர் திருப்பிக் கேட்பார். ஆனால் வென்செலின் அந்தப் பேச்சு அக்காவுக்குச் சுட்டது என்று அருட்பிரகாசம் அண்ணை எனக்குச் சொன்னார்.

போன வருடம் அக்காவின் வலது தோள் பழுதாகிப் போனது. உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து, வேலையிலிருந்தும் நிற்பாட்டி, ஒரு பெட்டிப் பாலுக்கு மேல் அந்தக் கையால் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கையை நெஞ்சளவுக்கு மேல் உயர்த்த அவருக்கு ஏலாமல் போனது.

"நான் வந்து தூக்கித் தாறன்" என்று ஹெர் வென்செல் சொன்னார். அப்பாவும் அம்மாவுக்குத் தெரியாமல் போய்ச் சொன்னார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒவ்வொரு தரமும் ஆரின்ரையும் கதவைத் தட்டித்தான் காய்ச்சோணுமெண்டால் அது என்ரை பியரில்லை."

பானைகளை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் போட்டார். நொய்ஸ் நகரத்தில் இருந்து ஓர் ஆள் எல்லாவற்றையும் எடுப்பதாகச் சொல்லி, ஞாயிறு பின்னேரம் கார் கொண்டு வருவதாக நாளும் சொன்னான். அக்கா பானைகளை ஒற்றைக் கையால் மினுக்கி, சலவை அறையின் சுவரோரம் அடுக்கி வைத்தார். நான் தோய்க்கப் போகும்போதெல்லாம் அவை பயணத்துக்கு வெளிக்கிட்ட ஆட்கள் மாதிரி அங்கே நின்றன.

அந்தக் கிழமையில்தான் சலவை அறையின் பழைய பொது மெஷின் செத்தது. அகற்றுவதற்கு ஆள் வரமுன் அக்கா திருப்புளியோடு கீழே போய், அதன் முதுகைக் கழற்றி, உள்ளே துணி சுற்றும் துளைத் தகர உருளையை வெளியே எடுக்க வைத்தார். நான் ஒரு பக்கமும் அருட்பிரகாசம் அண்ணை மற்றப் பக்கமும் பிடித்தோம்.

"இதைப் பார் பிள்ளை. எவ்வளவு துணி போட்டாலும் தண்ணி இந்தத் துளையளுக்காலை ஓடிப்போகும், துணி உள்ள நிக்கும். ஆரும் தூக்கிப் பிழியிறதோ? இல்லை. அப்ப நான் மட்டும் ஏன் இத்தினை காலமாய்த் தூக்கினனான்?"

அவருடைய யோசனை இதுதான். பானையின் அடியில், அதிலுள்ள திருகு குழாய்க்குச் சற்று மேலே, ஒரு துளைத்தட்டு. அதன்மேல் மால்ட் கிடக்கும். சாறு தட்டால் கீழே இறங்கிக் குழாய் வழியாகத் தானாக வரும். யாரும் ஒன்றையும் தூக்க வேண்டியதில்லை. ஹெர் வென்செல் உருளையின் சுவரை வெட்டி விரித்து, தட்டையாக அடித்து, பானையின் அளவுக்கு வட்டமாக்கிக் கொடுத்தார். அந்த உதவியை அக்கா ஏற்றுக்கொண்டார். அது ஒரு தரம்தானே. விளிம்பால் மால்ட் நழுவாமல் இருக்க, ஒரு சிலிக்கோன் குழாயை நீளத்துக்குக் கீறி, தட்டைச் சுற்றிச் சட்டைக் கரை மாதிரி மாட்டினார். துளைகள் கொஞ்சம் பெரிதென்று, பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் மூடும் கம்பிவலையின் பிடியை வெட்டிவிட்டு அதையும் மேலே வைத்தார். தட்டின் கால்களுக்கு, தேநீர் குடிக்கும் மூன்று வாய் நசிந்த சில்வர் பேணிகள், கவிழ்த்தபடி. பானையின் குழாயில் உள்ளே பார்க்கக்கூடிய ஒரு மெல்லிய ஹோஸ்.

வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது அது பாய்ந்து அருட்பிரகாசம் அண்ணையின் காலுறையை நனைத்தது.

"ஓடினால் வைச்சிருக்கிறன். ஓடாட்டி ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் கொண்டு போகட்டும்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காய்ச்சினார். நானும் பார்க்கப் போயிருந்தேன். மால்ட்டை வழக்கம் போல, புட்டுக்கு மா அரைப்பது போலவே, கைமெஷினில் நைசாக அரைத்தார். அரிதட்டில் அரித்தார். அரிதட்டில் தங்கிய உமியை ஒரு வாளியில் தள்ளினார். மா என்றால் அரிக்க வேண்டும். இவ்வளவு காலமும் அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. ஊற வேண்டிய நேரம் ஊறியதும் குழாயைத் திறந்தார். ஹோஸில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறமாக ஏதோ வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அக்கா ஹோஸில் வாய் வைத்து ஊதினார். அகப்பையால் கிண்டினார். உள்ளே பசை மாதிரி ஒரு குமிழி எழுந்து "பொளக்" என்று உடைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அண்ணை எட்டிப் பார்த்தார். "நல்ல ஒடியல் கூழ். நண்டும் றாலும் போட்டால் ஆக்களைக் கூப்பிடலாம்."

"சும்மா இருங்கோ."

"பயித்தங்காய் வெட்டட்டோ? உமக்கு ஒரு கைதானே."

"இந்த அகப்பை உங்கட மண்டையிலை முறியப்போகுது, இஞ்சேருங்கோ."

அக்கா சிரிக்கவில்லை. தன்னை மறந்து பானையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கப் பார்த்தார். இடது கை எழும்பியது, வலது கை எழும்பவில்லை. அண்ணை பகிடியை விட்டுவிட்டுப் பானையைப் பிடித்தார். அக்கா கவிழ்த்து வைத்த துணிக்கூடையில் போய் இருந்தார்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை அவன் வரட்டும்" என்றார்.

அடுத்த நாள் அம்மா ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு தந்தார். "ஒரு கையாலை என்னத்தைச் சமைக்கிறாவோ தெரியாது. குடுத்திட்டு வா. கசிப்பைப் பற்றி ஒண்டும் கதைச்சுக்கொண்டு நிக்காதை."

கீழே போனபோது அவர்கள் பல்கனியில் இருந்தார்கள். அண்ணை தன் இரண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்று கறிவேப்பிலை, மற்றது மிளகாய். மிளகாய்ச் சாடியில் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நின்றது. கறிவேப்பிலைச் சாடியில் ஊற்றிய தண்ணீர் ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. கீழே வைத்த தட்டில் உடனேயே வந்து சேர்ந்தது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா ஊத்துங்கோ."

"மரம் அழுகப்போகுது, பிளோறன்ஸ்."

"ஊத்துங்கோ எண்டெல்லோ சொல்லுறன்."

அண்ணை ஊற்றினார். தண்ணீர் மீண்டும் நேரே இறங்கியது.

"இதுக்கை என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் வாங்கிப் போடேல்லை. நீர் மாவை அரிச்சு எறியிற உமிதான். எறிய மனமில்லாமல் மண்ணோட கலந்து விட்டனான்."

அக்கா எழுந்து போய் அந்த மண்ணுக்குள் விரலை விட்டார். கிளறினார். நனைந்த உமிகள் ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டு, இடையிடையே வெளி விட்டுக் கிடந்தன. அவர் விரலை எடுக்கவில்லை. அவருடைய முகத்தில் மெல்ல ஒன்று விரிந்து வந்ததை நான் குழம்புக் கிண்ணத்தோடு நின்று பார்த்தேன்.

"ஐயோ என்ரை மாதாவே," என்றார். "தண்ணி போற வழியையெல்லோ நான் இவ்வளவு காலமும் அரிச்சு எறிஞ்சனான்."

"என்ன வழி?" என்றார் அண்ணை.

"புட்டு அவிச்சுச் சாப்பிடுறீங்களே, விளங்கேல்லையோ? மா குறுணி குறுணியாய் நிண்டால்தானே இடையாலை ஆவி ஏறும்? களியாய்ப் போனால் ஏறுமே? தட்டுப் பிழையில்லை. தட்டுக்கு மேலை உமி கிடக்கோணும். உமிதான் சாற்றை வடிக்கிற வடி."

ஞாயிற்றுக்கிழமை ஜேர்மன்காரர் யாரும் தோய்ப்பதில்லை. சலவை அறை எங்களுக்கே இருந்தது. கோயில் பூசை முடிந்து வந்ததும் அக்கா உடுப்புக்கூட மாற்றாமல், ஜாக்கெட்டை மட்டும் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டுத் தொடங்கினார். சாற்றைப் பிடித்து ஊற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். முழு மால்ட்டைப் பரப்பி, புட்டு மாவுக்குத் தெளிப்பது போல விரல் நுனியால் தண்ணீர் தெளித்துப் பிசறினார். தோல் கொஞ்சம் நனைந்தால் வளையும், நொறுங்காது என்பது அவர் கணக்கு. கைமெஷினின் திருகைத் தளர்த்தி இடைவெளியைப் பெரிதாக்கினார். அண்ணை பிடியைச் சுற்றினார்.

"இதென்ன, அரைபட்டும் அரைபடாமலும் விழுது?"

"அப்பிடித்தான் விழோணும். சுத்துங்கோ."

நான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளை மா உடைந்து கொட்டியிருந்தது. தோல்கள் சின்ன வள்ளங்கள் போல முழுதாக இருந்தன. அவர் அரிதட்டை எடுக்கவேயில்லை.

ஊறும்வரை காத்திருந்தோம். அக்கா கையில் செபமாலையை வைத்திருந்தார். சொல்லிக்கொண்டிருந்தாரா, வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தாரா தெரியாது. நேரம் பின்னேரத்தை நோக்கிப் போனது. நொய்ஸ் ஆள் வெளிக்கிடும் நேரமும் நெருங்கியது. மற்றப் பானைகள் சுவரோரம் மினுங்கிக்கொண்டு நின்றன.

அவர் குந்தியிருந்து, இடது கையால் குழாயைப் பிடித்து, மயிரளவு திறந்தார்.

கலங்கலாக வந்தது. ஆனால் வந்தது. "உதைப் பிடிச்சு மேலை ஊத்து பிள்ளை. மெல்ல, குழப்பாமல்" என்றார். நான் ஒரு ஜக்கில் பிடித்து, அகப்பையின் முதுகில் விட்டு மால்ட்டின்மேல் பரவ ஊற்றினேன். மறுபடி பிடித்தேன். மறுபடி ஊற்றினேன். ஜக்கில் விழுந்த சாறு ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தெளிந்தது. சேற்று நிறம் தேநீர் நிறமானது. பிறகு ஹோஸில் எதுவும் ஓடவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அடைத்துவிட்டதாக்கும். குனிந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹோஸுக்குப் பின்னால் இருந்த சுவர் ஓட்டின் கோடு சாற்றினூடாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

அது ஒரு நூல் மாதிரி, சத்தமில்லாமல், அறுபடாமல் கீழே வைத்த பானைக்குள் இறங்கியது. குழல்விளக்கின் வெளிச்சம் அந்த நூல் முழுவதும் பொன்னிறமாக நின்றது. யாரும் ஒன்றையும் பிழியவில்லை, யாரும் தூக்கவில்லை. ஒரு செத்த மெஷினின் தகரமும், நசிந்த மூன்று பேணியும், எறிய இருந்த உமியும் அந்தப் பானைக்குள்ளே இருட்டில் தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் குந்தியிருந்தவர் மூச்சைக்கூட மெல்ல விட்டார். நான் கோயிலிலும் இப்படி நின்றதில்லை.

அருட்பிரகாசம் அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினார். பகிடிக்கு வாய் திறந்தது போல இருந்தது. "பிளோறன்ஸ்," என்றார். பிறகு அவருடைய வலது தோளில் கையை வைத்தார்.

"ஆட்டாதேங்கோ. கொஞ்சம் கூடத் திறபட்டாலும் உமி அமத்துப்பட்டு இறுகிப்போகும்."

அவருடைய விரல்கள் குழாயின் பிடியில் இருந்தன. ஒரு குழந்தையின் மூக்கைப் பிடிப்பது போல அவ்வளவு மெதுவாகப் பிடித்திருந்தார். கண் ஹோஸை விட்டு நகரவில்லை. நான் தொலைபேசியில் பேசுவதற்கு எவ்வளவு கூச்சப்படுவேன் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தலையைத் திருப்பாமல் என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, கதவிலை கொழுவின ஜாக்கெட்டுக்குள்ளை என்ரை போன் கிடக்கு. நான் இதிலையிருந்து கை எடுக்க ஏலாது. அந்த நொய்ஸ் ஆளுக்கு அடி, அவன் வெளிக்கிட முதல். பானை விக்கிறேல்லை எண்டு வடிவான ஜேர்மனிலை சொல்லு. நான் மன்னிப்புக் கேட்டதாயும் சொல்லு. ஏனெண்டு கேட்டால், ஓடுது எண்டு சொல்லு."